முழங்கால் பொருக்கு

சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளையின் முழங்காலில் காய்ந்து நிற்கும் பொருக்கை யாரும் ரசிப்பதில்லை. எனக்கு அது பிடிக்கும். கருஞ்சிவப்பாய், சொரசொரவென்று, ஓரத்தில் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டு, கருப்பட்டிச் சில்லு மாதிரி. அடிபட்ட சில நிமிடங்களிலேயே தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்புப் போடுகின்றன. ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலை பின்னிச் சிவப்பணுக்களைப் பிடித்து வைக்கின்றன. சுற்றிலும் லேசாகச் சிவந்து கதகதக்கிறதா? வெள்ளையணுக்கள் வந்திறங்கிக் கிருமிகளை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. விழுங்கிய கையோடு பல செத்தும் போகின்றன. சீழ் என்று முகம் சுளிக்கிறோமே, அதில் கிடப்பவை பெரும்பாலும் அவைதான்.

நம் பங்கு சின்னது. குழாயடியில் காலை நீட்டச் சொல்லி, மண் போகக் கழுவி, சோப்பு பட்டதும் 'ஸ்ஸ்' என்று இழுக்கும் மூச்சுக்கு நடுவே சுத்தமான துணியால் துடைக்கிற பாட்டியின் கையைப் பார்க்க வேண்டும். தேய்க்காது, ஒற்றும். டிடி ஊசி போட்டாச்சா என்று வாய் விசாரிக்கும். அப்புறம் பிய்க்காமல் இருப்பதுதான் பெரும்பாடு, அரித்துத் தள்ளும். அடியில் புதுத்தோல் ஓரங்களிலிருந்து நகர்ந்து நடுவில் கூட வேண்டுமே! பொறுக்காமல் பிய்த்துவிட்டாலும் உடம்பு கோபித்துக்கொள்வதில்லை; மறுபடி வலை பின்ன உட்கார்ந்துவிடுகிறது.