முனைவர்களும் முனைவோரும்: ஒரு பாடத்தைக் கதையாக வாசித்தல்

1

ஆய்வுப் பட்டம் பெற்றவர் முனைவர். கடன் வாங்கிக் கம்பெனி தொடங்குகிறவர் தொழில்முனைவோர். தமிழில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். இன்று மேலாண்மைத் துறைகளில் முனைவர்கள் முனைவோரைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்கள். முனைவர் ஆகப்போகிறவர்கள் முனைவோரிடம் நேர்காணல் எடுத்து ஆய்வேடு எழுதுகிறார்கள். பி.காம். மாணவனுக்கு ‘தொழில்முனைவோர் மேம்பாடு’ என்று ஒரு தாள் இருக்கிறது. இதில் இலக்கியம் படித்தவனுக்கு என்ன வேலை? நான் தமிழ் எம்.ஏ., எனக்குப் பேலன்ஸ் ஷீட் வாசிக்கத் தெரியாது. ஆனால் இந்தப் பாடத்தின் நடுவில் இருப்பது பேலன்ஸ் ஷீட் அல்ல, கதை. கதையை வாசிப்பது எங்கள் தொழில். அந்த உரிமையில் பேசுகிறேன்.

வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முனைவு, நிறுவன ஒத்துழைப்பு, பண்புசார் ஆய்வு ஆகிய மூன்றும் தனித்தனிப் பாடங்களாக நடத்தப்படுகின்றன. மூன்றும் நிற்பது ஒரே வகைக் கதையாடலின் மேல்: நிலைத்து நின்றவன் சொல்கிற கதை. அதிலிருந்து யார் வெளியே தள்ளப்பட்டார்கள் என்று பாடம் கேட்பதில்லை. கேட்காததால் சாதியும் பணமின்மையும் மாணவனின் மனக்குறையாக மாறிவிடுகின்றன. பிரச்சினை இதுதான்.

2

நம்மூர்த் தொழில்முனைவோர் பாடநூல்களில் தவறாமல் வருகிற பெயர் டேவிட் மெக்லெலண்ட். ஹார்வர்டில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். சமூகங்கள் பொருளாதாரத்தில் எழுவதற்கு அவற்றின் மனிதர்களிடம் உள்ள சாதனை வேட்கை முக்கியக் காரணம் என்று வாதிடும் நூலை 1961இல் வெளியிட்டார். பி.எட். படித்தவர்களுக்கு ‘அடைவூக்கம்’ என்ற சொல் ஞாபகம் இருக்கும். அதேதான்.

இந்த வேட்கையை எப்படி அளந்தார்? ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொன்னார். கதைக்கு மார்க். தனிமனிதர்களோடு நிற்கவில்லை. பல நாடுகளின் குழந்தைப் பாடப்புத்தகங்களில் இருந்த கதைகளைத் திரட்டி, 1925ஐ ஒட்டியவை, 1950ஐ ஒட்டியவை என்று பிரித்து, நாடுகளுக்கும் மார்க் போட்டார்.

மதிப்பெண் பட்டியல் சுவாரஸ்யமானது. கதைமாந்தனுக்கு ஒரு தேவை, அதை நோக்கிய செயல், குறுக்கே ஒரு தடை, கைகொடுக்க ஒரு துணை, வெற்றி தோல்வி பற்றிய எதிர்பார்ப்பு, முடிவில் ஓர் உணர்ச்சி. விளாதிமிர் ப்ராப் 1928இல் ரஷ்ய மாயக்கதைகளை இப்படி உறுப்புகளாகப் பிரித்தது நம் வாசகர்களுக்குத் தெரியும். ப்ராப் தேடியது கதையின் இலக்கணத்தை. மெக்லெலண்ட் அதே மாதிரி உறுப்புகளை எண்ணி, எழுதியவனின் மனதை அளந்தார். இதில் தடை இரண்டு வகை: ஆளுக்குள்ளே இருக்கிற தடை, உலகத்தில் இருக்கிற தடை. அவ்வளவுதான். மழை பொய்த்ததும், பேங்க் மேனேஜர் கடன் மறுத்ததும், ‘இந்தத் தெருவுக்குள்ள கடை போடாதே’ என்று சொன்னதும் ஒரே கட்டத்துக்குள் விழும். உலகம் தடுத்தது என்று குறிக்க இடம் உண்டு. உலகத்தில் யார் தடுத்தார்கள் என்று குறிக்க இடம் கிடையாது.

இந்தக் கதை நம் பக்கத்து ஊருக்கே வந்தது. 1964இல் ஆந்திராவின் காக்கிநாடாவிலிருந்து வியாபாரிகளை ஹைதராபாத்தின் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். தங்கள் கதைகளைத் தாங்களே மதிப்பிடுவது, பிறகு சாதனை நாட்டம் கூடிய கதைகளாக எழுதப் பழகுவது என்பது பயிற்சியின் ஒரு பகுதி. சுருக்கமாச் சொன்னா, சிறுகதைப் பட்டறை. பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடத் தொழிலில் முனைப்பாக இயங்கினார்கள் என்று டேவிட் விண்டரோடு சேர்ந்து 1969இல் புத்தகம் போட்டார்.

இதில் முற்போக்கான ஓர் அம்சம் உண்டு, மறுக்கவில்லை. முனைவு பிறப்பால் வருவதல்ல, கற்றுக்கொள்ளக்கூடியது என்கிறது இது. ‘வியாபாரம் அவங்க ரத்தத்துல இருக்கு’ என்ற நம் ஊர்ப் பேச்சுக்கு இது நல்ல அடி. ஆனால் கற்கக்கூடியது என்று ஆனவுடனேயே, வராமல் போனால் அது உன் குற்றம் என்றும் ஆகிவிடுகிறது. 1979இல் தன் பாரிஸ் விரிவுரைகளில் ஃபூக்கோ பேசிய, தன்னையே ஒரு தொழில் நிறுவனமாக நடத்துகிற மனிதன் இங்கேதான் உருவாகிறான். நஷ்டம் வந்தால் அவன் தன் மனதைத்தான் தணிக்கை செய்ய வேண்டும்.

3

இந்த அளவுகோலை ஒரு மனிதருக்கு வைத்துப் பார்ப்போம். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்து, லண்டனிலும் படித்துக்கொண்டிருந்தவர் 1917இல் இந்தியா திரும்புகிறார். பரோடா சமஸ்தானத்தில் வேலை. தங்க இடம் கிடைக்காமல், வேலையை விட்டு பம்பாய்க்கு வருகிறார். முதலீடு பற்றி ஆலோசனை சொல்லும் தொழிலை ஆரம்பிக்கிறார். தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றுபோகிறது. 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்கிறார். அம்பேத்கர்தான்.

அவருக்குப் படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லியிருந்தால் அடைவூக்கத்தில் என்ன மார்க் வந்திருக்கும்? இந்தியாவில் அதற்கு மேல் மார்க் வாங்க ஆள் இருந்திருக்குமா? ஆனாலும் தொழில் படுத்துவிட்டது. நான் புரட்டிய பாடநூல்கள் எதிலும் இது ‘கேஸ் ஸ்டடி’யாக இல்லை. ஜெயித்தவர்களின் படங்கள்தான் பக்கத்துக்குப் பக்கம்.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய திறன் பயிற்சித் திட்டத்தின் பெயர் ‘நான் முதல்வன்’. நல்ல பெயர். தமிழில் ‘முதல்’ என்பதற்கு மூலதனம் என்றும் பொருள் உண்டு. முதல் இல்லாதவனுக்கு முதல்வனாகும் மனநிலையை மட்டும் கொடுத்தால் போதுமா என்ற கேள்வியைத் தமிழே கேட்டுவிடுகிறது. அதே அரசு 2023இல் பட்டியலின, பழங்குடி முனைவோருக்காகக் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் முதலீட்டு மானியமும் வட்டி மானியமும் தருகிறது. தடை பணத்திலும் இருக்கிறது என்று அரசாணைக்குத் தெரிந்திருக்கிறது. பாடநூலுக்கு இன்னும் தெரியவில்லை.

4

மெக்லெலண்ட் பழைய ஆள், இப்போதெல்லாம் பாடம் மாறிவிட்டது என்று மேலாண்மை நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். சரஸ் சரஸ்வதி அனுபவமுள்ள 27 தொழில்முனைவோரிடம் ஒரு கற்பனைப் பொருளைக் கொடுத்து, அதை வைத்து எப்படித் தொழில் தொடங்குவீர்கள், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பதிவு செய்தார். 2001இல் வந்த அவருடைய கட்டுரை இன்று உலகமெங்கும் வகுப்பறைகளில் இருக்கிறது. அவர்கள் இலக்கை முதலில் வைத்துத் திட்டம் போடுவதில்லை. கையில் இருப்பதிலிருந்து தொடங்குகிறார்கள் என்பது அவர் கண்டது. விருந்துக்குப் பட்டியல் போட்டுச் சந்தைக்குப் போவது ஒரு வகை. வீட்டில் இருக்கிற கத்திரிக்காயையும் பருப்பையும் பார்த்து என்ன சமைக்கலாம் என்று யோசிப்பது இன்னொரு வகை. எண்ணுவதை விட்டுவிட்டுப் பேச்சைக் கேட்டது பெரிய முன்னேற்றம்.

கையில் இருப்பது என்ன என்பதற்கு அவர் மூன்று கேள்விகள் வைக்கிறார்: நான் யார்? எனக்கு என்ன தெரியும்? எனக்கு யாரைத் தெரியும்?

‘நான் யார்’ என்று ரமணர் கேட்டால் அது ஆன்மிகம். ஊர் டீக்கடையில் ‘தம்பி யாரு, எந்தத் தெரு?’ என்று கேட்டால் அது வேறு. இடம் பார்க்கப் போகும்போது, கடனுக்கு ஜாமீன் கேட்கும்போது, சரக்கை நம்பிக் கொடுக்கும்போது நம் ஊரில் கேட்கப்படுவது இரண்டாவது கேள்விதான். ‘யாரைத் தெரியும்’ என்பது சொந்த பந்தம். சொந்த பந்தம் என்பது சாதி. இந்தக் கோட்பாடு சொல்வது பிழை என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் அது அளவுக்கு மீறி உண்மை என்பதுதான் சிக்கல். தொழில் எப்படி நடக்கிறது என்ற விவரணையை, ‘இப்படித் தொடங்கு’ என்ற அறிவுரையாகச் சேரிப் பையனிடம் சொல்லும்போது, அவன் கையில் இல்லாததையே அவனுக்கு மூலதனமாகக் காட்டுகிறோம்.

5

இனி ஒத்துழைப்புக்கு வருவோம். நிறுவனங்களில் மனிதர்கள் கூடி உழைப்பது பற்றிய பாடத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. சிகாகோ பக்கம் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலை. 1927இல் சில பெண் தொழிலாளர்களைத் தனி அறையில் உட்காரவைத்து, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றி உற்பத்தியை அளந்தார்கள். உற்பத்தி ஏறியது. மனிதரை மதித்து, அவர் பேசுவதைக் கேட்டால் மனமுவந்து ஒத்துழைப்பார் என்ற பாடத்தை எல்டன் மேயோவும் மற்றவர்களும் இதிலிருந்து எடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த ஆலையில் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நேர்காணல் எடுத்தார்கள். நேர்காணல் நிர்வாகக் கருவியானது இங்கேதான்.

கதையில் ஓர் இடைவெளி இருக்கிறது. 1928 ஜனவரியில் அந்த அறையில் ரிலே பூட்டிய ஐந்து பெண்களில் இரண்டு பேர் மாற்றப்பட்டார்கள். அதிகம் பேசுகிறார்கள், சொன்னபடி நடப்பதில்லை என்பது புகார். புதிதாக இருவர் வந்தார்கள், உற்பத்தி ஏறியது. அலெக்ஸ் கேரி 1967இல் இதை எடுத்துவைத்து மேயோ கூட்டத்தாரின் முடிவுகளைக் கிழித்தார். அதற்குப் பிறகும் வகுப்பறைகளில் பழைய கதைதான் நடக்கிறது. ஒத்துழைக்காத இருவரை வெளியே அனுப்பிவிட்டு, மிச்சம் இருந்தவர்களை வைத்து ஒத்துழைப்பின் ரகசியத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த இருவரும் அதிகம் பேசினார்களாமே, என்ன பேசினார்கள்? பண்புசார் ஆய்வு அங்கிருந்தல்லவா தொடங்கியிருக்க வேண்டும்.

6

இதற்கு மாறாகச் செய்ய முடியும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. ஷரத் சாரி திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றி எழுதி 2004இல் வெளிவந்த புத்தகம். விவசாயத்திலிருந்தும் தொழிலாளர் நிலையிலிருந்தும் வந்து முதலாளிகளான கவுண்டர்களிடம் அவர் பேசுகிறார். எது உங்கள் மூலதனம் என்றால், உழைப்பு என்கிறார்கள்.

நம் ஆய்வு மாணவர் இந்த இடத்தில் ‘கடின உழைப்பு’ என்று ஒரு தலைப்புப் போட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். சாரி அங்கேயே நிற்கிறார். உழைத்தோம் என்பதைப் பொய் என்று தள்ளவில்லை, உண்மை என்று குறித்துக்கொண்டு போகவும் இல்லை. அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று கேட்கிறார். நானும் மெஷினில் உட்கார்ந்தவன்தான் என்று சொல்கிற முதலாளிக்கு, மெஷினில் உட்கார்ந்திருப்பவனை எப்படி வேலை வாங்குவது என்பதும் தெரியும். உழைப்பின் கதை மேலே வந்ததற்கான விளக்கம் மட்டுமல்ல, கீழே இருப்பவனை நடத்துவதற்கான அதிகாரமும்கூட. அதே மெஷினில் உட்கார்ந்த பெண்களுக்கும் தலித்துகளுக்கும் உழைப்பு ஏன் மூலதனமாக மாறவில்லை? அவர்களும் உழைத்தார்கள்தானே. மாறுவதற்குக் கூட்டு வேண்டியிருந்தது. ஜாப் ஒர்க் கொடுக்கவும் கடனுக்குச் சரக்கு தரவும் ஆள் வேண்டியிருந்தது. புத்தகத்தின் தலைப்பிலேயே சாரி இந்த மூலதனத்தைச் சகோதர மூலதனம் என்கிறார். சகோதரிகளுக்கு அதில் இடமில்லை.

தமிழில் ‘பங்காளி’ என்ற ஒரே சொல் தொழிலில் பங்கு போட்டவனையும் குறிக்கும், தந்தைவழிச் சொந்தத்தையும் குறிக்கும். நிறுவனங்களுக்கிடையே நம்பிக்கை எப்படி உருவாகிறது என்று நூற்றுக்கணக்கான பக்கம் எழுதுகிறவர்கள் இந்த ஒரு சொல்லோடு ஒரு வாரம் உட்கார்ந்திருக்கலாம்.

7

ஓர் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுக்குப் பார்வையாளனாகப் போயிருந்தேன். சிறுதொழில் முனைவோர் பற்றிய பண்புசார் ஆய்வு. பேட்டிக்கான ஆட்களின் பட்டியலை முதலாளிகள் சங்கம் கொடுத்திருந்தது. கம்ப்யூட்டரில் குறியிட்டுக் கிடைத்த கருத்துகள்: உழைப்பு, குடும்ப ஆதரவு, நம்பிக்கை. தொழிலை மூடிவிட்டுப் போனவர்கள் யாரிடமாவது பேசினீர்களா என்று கேட்டேன். ‘அது ஸ்கோப்புக்கு வெளியே சார்’ என்றார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஸ்கோப் என்று கோடு போடக் கற்றுக்கொடுத்தவர்கள் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டுவது என்ற முறையை கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் நூலாக எழுதினார்கள். குறியிடுதல் என்று இன்று மென்பொருள் வைத்துச் சொல்லித் தருவது அதன் எலும்புக்கூடு. அந்த முறை பிறந்தது ஆஸ்பத்திரியில், சாகக் கிடக்கிறவர்களுக்கு மத்தியில். சாகப்போகிறோம் என்பது நோயாளிக்குத் தெரியுமா, டாக்டரும் நர்சும் அதை எப்படி மறைக்கிறார்கள், தெரிந்தும் தெரியாத மாதிரி இரண்டு பக்கமும் எப்படி நடிக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் அதற்குமுன் ஆராய்ந்தது. அதாவது, சொல்லப்படாததைக் கேட்பதற்காக உருவான முறை அது. சொல்லப்பட்டதை வகைப்படுத்தும் குமாஸ்தா வேலையாக அதைச் சுருக்கியது நம் பல்கலைக்கழகங்களின் சாதனை.

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எதுவும் கேட்கவில்லை. வகுப்பில் வைக்கும் ஒவ்வொரு வெற்றிக் கதையோடும், அதே ஊரில் அதே தொழிலில் கடையை மூடியவர் ஒருவரின் கதையையும் வைக்கலாம். ஒத்துழைப்பு என்ற சொல் வரும்போதெல்லாம், வெளியே அனுப்பப்பட்டவர் யார் என்று கேட்கலாம். பேட்டிக்கு ஆள் காட்டியது யார் என்பதை ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே எழுதச் சொல்லலாம். பேட்டி தமிழில் நடந்தால் தமிழிலேயே அலசலாம். ‘பங்காளி’யை ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டுக் குறியிட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. திருப்பூரில் 1984இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் அடித்த துண்டறிக்கைகள் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். தொழிலின் வரலாற்றை முதலாளிகள் பேட்டியாகக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நாம் கதை, கவிதை என்று தனியாக இருக்க முடியாது. தொழிற்சங்கத் தோழர்களும் எழுதுகிறவர்களும் சேர்ந்து அவற்றைத் திரட்டி அச்சில் கொண்டுவந்தால், மேலாண்மை வகுப்பில் ஒரு மாணவராவது அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து கேள்வி கேட்க முடியும். அதை ஸ்கோப்புக்கு வெளியே என்று சொல்லும் பேராசிரியர், ஏன் என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.