தடாவுக்கு ஒரு டிக்கெட்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் திருவொற்றியூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரே கேள்விதான்: "கட் ஆஃப் இன்னா?" மாவு மில் மாமா கேட்பார். மீன் கூடையை இறக்கி வைத்த கையோடு பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. அதில் நீ எங்கே நிற்கிறாய் என்று தெரியாமல் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது.

"எனக்கு ஏற்கெனவே சீட் கெடச்சிடுச்சு மாமா. அவங்க கட் ஆஃப் கேக்கல. பழவேற்காட்டுல எறா எப்படிப் புடிக்கிறாங்கன்னு கேட்டாங்க" என்றேன். மாமா மிஷினையே நிறுத்திவிட்டார்.

நிறுத்தட்டும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை எல்லோருமே கொஞ்சம் நின்று நான் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஒரு காலேஜில் இடம் வாங்குவது இவ்வளவு சந்தோஷமான வேலையாக இருக்கும் என்று யாருமே எனக்குச் சொன்னதில்லை. சேர்ந்து படிப்பதைச் சொல்லவில்லை. விண்ணப்பம் போட்டதிலிருந்து இடம் கிடைத்தது வரை நடந்த அத்தனையையும் சொல்கிறேன்.

க்ரியா பல்கலைக்கழகம். (அகராதி போட்ட க்ரியா பதிப்பகம் இல்லை, இது வேறு. எங்கள் தமிழம்மா முதலில் அப்படித்தான் நினைத்து மகிழ்ந்துபோனார்.) சென்னையில் 1970-ல் தொடங்கிய ஐ.எஃப்.எம்.ஆர். என்ற நிறுவனத்திலிருந்து கிளைத்து 2018-ல் பல்கலைக்கழகமாக ஆனது. 2019-ல் முதல் இளங்கலை மாணவர்கள் வந்தார்கள். இருப்பது ஆந்திரத்து ஸ்ரீசிட்டியில். ஆந்திரம் என்றதும் ஏதோ தூர தேசம் என்று நினைக்க வேண்டாம். நம் ஸ்டேஷனில் சூலூர்பேட்டை வண்டி ஏறினால், கும்மிடிப்பூண்டிக்கு அப்புறம் எளாவூர், ஆரம்பாக்கம், தடா. அவ்வளவுதான். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலேஜ்களுக்குப் போகிற பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தால், இது நம் கொல்லைப்புறம்.

அங்கே இளங்கலைப் படிப்பை நடத்தும் பள்ளியின் பெயரே கலைகளையும் அறிவியலையும் பின்னிப் பிணைத்துத்தான் இருக்கிறது. முதல் வருஷம் என்ன மேஜர் என்று முடிவு செய்யவே வேண்டாம். இலக்கியம், அறிவியல் முறையில் யோசிப்பது, கணக்கு, டேட்டா, அறம், வரலாறு, கலை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மேஜர் எடுக்கலாம். பத்தாவது முடித்த கையோடு "எந்த குரூப்?" என்று பதினைந்து வயசுப் பிள்ளையின் தலையை இரண்டாகப் பிளக்கிற ஊரில் வளர்ந்தவளுக்கு இது எப்பேர்ப்பட்ட செய்தி தெரியுமா? நான் ஃபர்ஸ்ட் குரூப். லைப்ரரியில் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்தால், "உனக்கு எதுக்கு இது? கெமிஸ்ட்ரி படி" என்று பிடுங்கி வைத்துவிடுவார்கள். இனி ஒருவரும் பிடுங்க மாட்டார்கள்!

விண்ணப்பத்தில் மார்க் கேட்கிறார்கள், மறைக்கவில்லை. ஆனால் கட்டுரையும் எழுத வேண்டும். அதற்கு நான் எழுதியது என் அம்மா பிறந்த ஊரைப் பற்றி. பழவேற்காடு ஏரி இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர் என்று டூரிஸ்ட்டுகளுக்குச் சொல்வார்கள். எங்களுக்கு அது தாய்மாமா வீடு. ஏரியில் எறா வலை கட்டுவதற்கு 'பாடு' என்று ஒரு முறை உண்டு. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. வலை கட்டும் இடங்களைக் குப்பத்தார் கூடிப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, முறை வைத்துக் கொடுப்பார்கள். இன்றைக்கு நல்ல இடம் வாய்த்தவர் முறை வந்தால் சுமாரான இடத்துக்குப் போயே தீர வேண்டும். போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை, ஏரி ஓடிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் எழுதும்போது "இதைப் போய் காலேஜுக்கு எழுதுவாங்களா?" என்று ஆயா கேட்டது. நானும் ஆயாவும் சேர்ந்து சிரித்தோம். எழுதி அனுப்பினேன்.

வருமானச் சான்றிதழ், இ-சேவை மையம் சமாச்சாரத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். அதைப் பற்றிப் புகழ்ந்து எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

நேரில் கூப்பிட்ட அன்று அம்மாவும் நானும் கிளம்பினோம். எண்ணூர் தாண்டி வண்டி கழிமுகத்துப் பாலத்தில் ஏறியதும் ஒரு பக்கம் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிய, அம்மா வழக்கம்போல முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டது. தடாவில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனால், வழி நெடுக மதிலும் கேட்டும் செக்யூரிட்டியும். கார் கம்பெனி, சாக்லெட் கம்பெனி, ரயில் பெட்டி கம்பெனி.

"காலேஜுன்னு சொல்லிட்டு கம்பெனிக்கு இட்டுனு போறியா?" அம்மாவுக்கு சந்தேகம்.

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. ஒரு பக்கம் ரப்பர் வாசனை, ஒரு பக்கம் அம்மோனியா என்று வளர்ந்தவர்கள் நாங்கள். எண்ணூரில் லாரி கம்பெனி, திருவொற்றியூரில் புல்லட் கம்பெனி, இரண்டும் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. கம்பெனியிலிருந்து தப்பிக்கத்தான் படிப்பு என்பது எங்கள் தெருவின் வேதம். ஆனால் எனக்கு அந்த இடத்திலேயே அந்தக் காலேஜ் பிடித்துவிட்டது. விம்கோ நகர் வரைக்கும் வருகிற நம் மெட்ரோ இருக்கிறதே, அதன் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஸ்ரீசிட்டியில்தான் செய்யப்பட்டவை. அதைச் சொன்னதும் அம்மா ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி, "எந்த கம்பெனி? எந்த கம்பெனி?" என்று தேட ஆரம்பித்துவிட்டது. தத்துவமும் கவிதையும் படிக்கிற இடம் மலை உச்சியில், மாமரத்தோப்பில்தான் இருக்க வேண்டுமா என்ன? லாரி போகிற சத்தத்துக்கு நடுவில் இருந்தால் நாம் படிப்பது நம் வீட்டுக்காரர்களைப் பற்றியும்தான் என்பது மறக்காது.

உள்ளே ஒரு கேஸ் கொடுத்தார்கள். ஒரு பிரச்சினையை முன்னால் வைத்து, இதை நீ எப்படி யோசிப்பாய் என்று பார்க்கிற தேர்வு. அது என்ன கேஸ் என்று சொல்ல மாட்டேன். அடுத்து எழுதப் போகிறவர்களின் சுவாரஸ்யத்தைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கைடு வாங்கிப் படித்துவிட்டுப் போக முடியாத பரீட்சை அது. சரியான விடையைத் தேடிக்கொண்டே போனால் நேரம்தான் போகும். எழுதி முடித்து வெளியே வந்தபோது எனக்குப் பசியே இல்லை, இன்னொன்று கொடுங்கள் என்று கேட்கலாம் போலிருந்தது. பரீட்சை ஹாலை விட்டு இப்படி வெளியே வந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை.

அப்புறம் நேர்முகம். இங்கேதான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

என் கட்டுரையைப் படித்திருந்தார்கள். உண்மையிலேயே படித்திருந்தார்கள்! ஒருவர், பாடு முறையைக் கையால் வரைந்து காட்டச் சொன்னார். ஏரியை வரைந்தேன், முகத்துவாரத்தை வரைந்தேன், நீரோட்டம் எங்கே, எறா எங்கே வரும் என்று அம்பு போட்டேன். அவர் பேப்பரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, துருக்கியில் அலான்யா என்ற ஊர் மீனவர்கள் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார்கள் என்றார். மீன்பிடிக்கும் இடங்களுக்குப் பெயர் வைத்து, செப்டம்பரில் சீட்டுப் போட்டு ஆளுக்கொரு இடம். தினமும் ஒவ்வொருவரும் கிழக்கே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். ஜனவரிக்கு அப்புறம் மேற்கே நகர வேண்டும். பொதுச் சொத்தை அரசாங்கமோ முதலாளியோதான் காப்பாற்ற முடியும் என்பது பொய் என்று காட்ட எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் 1990-ல் எழுதிய புத்தகத்தில் இந்த அலான்யா வருகிறது. 2009-ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய முதல் பெண் அவர். இலங்கையில் நீர்கொழும்புக் கழியிலும் சீட்டு முறை உண்டாம். என் மாமா அழுக்குக் கைலியைக் கட்டிக்கொண்டு குலுக்கிப் போடும் சீட்டுக்கு உலகத்தில் இத்தனை சொந்தக்காரர்களா! எனக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

அதோடு விட்டிருந்தால் நல்ல பாராட்டு, அவ்வளவுதான். இன்னொருவர் மெதுவாகக் கேட்டார்: "பாடு யாருக்குக் கிடையாது?"

ஏரிக்கரையில் கையால் தடவி எறா பொறுக்கும் இருளர்களுக்குக் கிடையாது. பெண்களுக்குக் கிடையாது. சொல்லிக்கொண்டே வந்தவள், "எங்கம்மாவுக்குக் கிடையாது. அவங்க அங்கதான் பொறந்தாங்க. வெளியில உக்காந்திருக்காங்க" என்றேன். அறையில் யாரும் அதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லி மூடிவிடவில்லை. அப்படியானால் இது நியாயமான முறைதானா, நியாயமில்லை என்றால் கலைத்துவிடலாமா, கலைத்தால் ஏரி யார் கைக்குப் போகும் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். நான் பாதிக்குப் பதில் சொன்னேன், பாதிக்கு எதிர்க்கேள்வி கேட்டேன். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கொட்டியதையும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகெல்லாம் கறுத்துப் போனதையும் சொல்லி, "அங்க முறை வெச்சிக்க ஆளுங்க இருந்தாங்க சார், ஆறுதான் இல்லாம போச்சு" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை ஒரு பெரியவர் எழுதிக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு இப்படிப்பட்ட காலேஜ்களைத் தேடித் தேடிப் படிக்கிற பைத்தியம் பிடித்துவிட்டது. அமெரிக்காவில் டீப் ஸ்பிரிங்ஸ் என்று ஒன்று, 1917-லிருந்து பாலைவனத்தில் நடக்கிறது. மாணவர்கள் மாடு மேய்க்க வேண்டும், சமைக்க வேண்டும். புதிய மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதில் பழைய மாணவர்களுக்குப் பெரிய பங்கு. பெண்களை 2018-ல்தான் சேர்த்தார்கள் என்று படித்ததும் எனக்கு அதன்மேல் இருந்த காதல் கொஞ்சம் குறைந்தது. செயின்ட் ஜான்ஸ் என்று இன்னொன்று, 1937-லிருந்து பழைய பெரிய புத்தகங்களை வட்டமாக உட்கார்ந்து பேசியே பட்டம் கொடுக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தப் பட்டியலில் நம் பக்கத்துப் புத்தகம் ஒன்றையாவது சேர்த்திருக்கலாம்.

அப்பா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "முடிச்சா இன்னா வேலம்மா?" ஒரே வேலையின் பெயரைச் சொல்ல முடியாத படிப்பு இது என்பது உண்மை. ஆராய்ச்சி, பத்திரிகை, டேட்டா, கொள்கை வகுக்கிற அலுவலகம் என்று அடுக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, என்னாட்டம் கியூல நிக்காத வேலையா பாத்துக்க" என்றார்.

கட்டணம் பெரிய கட்டணம். சும்மா சொல்லக் கூடாது, முதலில் பார்த்தபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். எனக்குக் கட்டணத்தின் பெரும்பகுதிக்குக் கிடைத்தது. எல்லோருக்கும் அதே அளவு கிடைக்கும் என்று நான் சத்தியம் பண்ண முடியாது. என் உயிர்த்தோழி பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். 2022-ல் புதுமைப் பெண் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்ததே அங்கேதான், மாதம் 1,000 ரூபாய் அவளுக்கு வருகிறது. அவள் காலேஜும் காலேஜ்தான். யார் காலேஜ் பெரிசு என்று எங்களுக்குள் தினமும் ஒரு சண்டை நடக்கிறது, இதுவரை நான்தான் ஜெயிக்கிறேன்.

இடம் கிடைத்த மெயில் வந்தபோது அப்பா துறைமுகத்துக்கு வெளியே லாரி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். போனில் சொன்னதும் ஹாரனை அடித்திருக்கிறார். முன்னால் நின்ற லாரிக்காரர், வரிசை நகர்கிறது என்று நினைத்து வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டாராம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளே, பிளஸ் ஒன்னிலேயே இருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இங்கிலீஷ் வராது என்று ஒதுங்காதீர்கள். நான் நேர்முகத்தில் பாதி தமிழை இங்கிலீஷுக்குள் போட்டுத்தான் பேசினேன். வருமானச் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்துக்குப் போங்கள். பள்ளிக்கூடத்து ஹைடெக் லேபில் கம்ப்யூட்டர் சும்மாதான் இருக்கிறது, சார் இருக்கும்போதே உட்கார்ந்து காலேஜ் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அசோகா, அசிம் பிரேம்ஜி என்று இதே வகையில் வேறு காலேஜ்களும் வரும், அவற்றையும் படியுங்கள். கட்டுரை எழுதும்போது கூகுளில் தேடாதீர்கள், உங்கள் ஆயாவைக் கேளுங்கள். சந்தேகம் என்றால் மாவு மில்லில் விசாரித்தால் போதும். மாமாவுக்கு இப்போது என்னைவிட அதிகமாகத் தெரியும். கட் ஆஃப் கேட்பதை விட்டுவிட்டு, வருகிற பிள்ளையிடமெல்லாம் "நீ கட்டுரைல இன்னா எழுதப் போற?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.