ஆணையை அருளியவர் யார்?

இலத்தீன் காவியங்களுள் தலையாயது வெர்ஜில் இயற்றிய 'ஈனியட்' என்பர். நடை வனப்பில் குறை காண நாம் வரவில்லை. ஆனால் முதற் பகுதியிலே ஒரு காட்சி. வீனஸ் தேவி கண்ணீர் மல்கத் தந்தை ஜூபிடரிடம் முறையிடுகிறாள். அவளைத் தேற்றும் தேவராசன், உரோமருக்கு எல்லையும் காலவரையும் இல்லாத 'இம்பீரிய'த்தை அளித்துவிட்டதாக அறிவிக்கிறான்.

எவருடைய பொருளை எவர் அளிப்பது?

அச்சொல்லின் பிறப்பைப் பாருங்கள். 'பராரே' என்றால் ஆயத்தம் செய்தல். 'இன்' முன்னே சேர, 'இம்பெராரே' ஆயிற்று. கட்டளையிடுதல் என்பது பொருள். அதன் வழிவந்ததே இம்பீரியம். பேரரசு, நிலப்பரப்பு என்ற பொருள்களெல்லாம் பின்னர் ஏறியவை. இதனை 'இறையாண்மை' எனப் பெயர்ப்போர் உளர். வேண்டா! 'இறை'யில் அரசனும் ஆண்டவனும் ஒருங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றனர். 'ஆணை' போதும்.

குடியரசுக் கால உரோமிலே அவ்வாணை வானத்திலிருந்து வழியவில்லை. மக்கள் பேரவை கான்சல்களைத் தேர்ந்தது. கூரியப் பேரவை சட்டமியற்றி ஆணையுரிமையை உறுதி செய்தது. கான்சல்கள் இருவர், பதவி ஓராண்டே, ஒருவர் ஆணையை மற்றவர் தடுக்கலாம். கான்சலுக்கு முன்னே 12 ஏவலர் நடப்பர். தோளிலே பிரம்புக் கட்டு, அதன் நடுவே கோடரி. பிரம்பு முதுகுக்கு, கோடரி கழுத்துக்கு! நகரின் புனித எல்லைக்குள் நுழைந்ததுமோ, கோடரியை உருவிவிட வேண்டும். உள்ளே இருக்கும் குடிமகனுக்கு மக்களிடம் முறையிடும் உரிமை உண்டன்றோ? எல்லையும் தவணையும் இட்டு மக்கள் தந்த ஒன்றைத்தான், இரண்டுமற்ற தெய்வக் கொடையாக்கினார் கவிஞர்.

குடியரசு பொன்னுலகமன்று. பெண்ணுக்கு வாக்கில்லை, அடிமைக்கு வாயே இல்லை. பறவை பார்த்துக் குறி சொல்லும் பூசாரி ஒருவர் பேரவையையே கலைக்கலாம். இறுதிக் காலத்திலே கூரியப் பேரவைக்கு மக்கள் வருவதும் நின்றது. 30 கூரியங்களுக்கு ஈடாக 30 ஏவலர் நின்று சடங்கை முடித்தனர். காவலற்ற வீட்டிலே கன்னமிடுவது கடினமா?

அகஸ்டஸ் கி.மு. 23-இல் கான்சல் பதவியைத் துறந்தார், ஆணையைத் துறக்கவில்லை. அவர் குலமோ வீனஸின் வழித்தோன்றலாம்! ஆக, தேவராசன் மகளுக்குத் தந்த வாக்கு, ஆளும் குடும்பத்தின் சொத்துப் பத்திரமாகிறது. முற்றுப்பெறாத காவியத்தை எரித்துவிடவே வெர்ஜில் விரும்பினார் என்கிறது பழைய வரலாறு. கி.மு. 19-இல் அவர் மறைந்தபின் அதை வெளியிடச் செய்தவர் அகஸ்டஸ். வியப்பில்லை.

ஆயினும் தெய்வக் கொடை செங்கோலுக்குப் போதவில்லை. படைபலத்தால் கி.பி. 69-இல் அரசேறிய வெஸ்பாசியனுக்குச் சட்டம் தேவைப்பட்டது. அதன் வெண்கலப் பலகை, ஜூபிடர் கோயில் நின்ற அதே கேபிடோலின் குன்றின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. சட்டம் வருமுன் அவர் செய்தவையும் மக்களின் ஆணையால் செய்தவை போலவே செல்லும் என்கிறது அது.