தேர்தல் சுவரொட்டியும் ஓவிய வகுப்பும்

நம் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து எதையாவது வரையச் சொன்னால், பலரும் இரண்டு மலைகளை வரைந்து நடுவே ஒரு சூரியனை உதிக்க வைப்பார்கள். கீழே ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. கட்சிச் சின்னம் ஒன்றைப் போட்டிருக்கிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இருக்காது. ஓவிய நோட்டும் தேர்தல் சுவரும் இங்கே அவ்வளவு நெருக்கம். ஆனாலும் சுவரொட்டியைப் பாடப்பொருளாக வகுப்புக்குள் கொண்டுவர நமக்குத் தயக்கம். அமெரிக்காவில் அது பழகிப்போன காரியம்.

அங்கே புழங்கும் முறைகளில் இரண்டு முக்கியமானவை. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம், சுவரொட்டியை அலசுவதற்கென்றே மாணவர்களுக்கான வினாத்தாள் வைத்திருக்கிறது. இதைச் செய்தது யார், யாரைப் பார்த்துப் பேசுகிறது என்ற ரீதியில் கேள்விகள் போகும். இன்னொன்று அபிகெயில் ஹவுசனும் பிலிப் யெனவைனும் உருவாக்கிய மூன்று கேள்விகள்: படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறென்ன தெரிகிறது? இரண்டுமே நல்ல முறைகள்தாம். ஆனால் பார்ப்பதோடும் பேசுவதோடும் நின்றுவிடுகின்றன. வரலாற்று ஆசிரியருக்கு அது போதும். ஓவிய ஆசிரியர் கேட்க வேண்டியது வேறு: இதை எப்படிச் செய்தார்கள்?

2008இல் ஷெப்பர்ட் ஃபேரி செய்த ஒபாமா சுவரொட்டியை எடுத்துக்கொள்வோம். அதற்கு மூலம், 2006 ஏப்ரலில் வாஷிங்டன் செய்தியாளர் கூட்டம் ஒன்றில் அசோசியேட்டட் பிரஸ்ஸுக்காக மேனி கார்சியா எடுத்த புகைப்படம். தினமும் நூறு எடுக்கப்படும் செய்திப் படங்களில் ஒன்று. ஃபேரி அதிலிருந்த ஒளி நிழலின் மெல்லிய ஏற்ற இறக்கங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, சிவப்பு, இரண்டு நீலம், வெளிர்மஞ்சள் என்று தட்டையான சில நிறங்களுக்குள் முகத்தை அடக்கினார். இதை வகுப்பில் செய்து பார்க்கப் பெரிய செலவில்லை. ஒரு புகைப்படத்தின் ஜெராக்ஸ், டிரேசிங் பேப்பர், நான்கு நிற வண்ணக் காகிதம், கத்தரிக்கோல் போதும். எந்த இடம் கருமை, எது இடைநிலை, எது வெளிச்சம் என்று முடிவெடுக்கும்போதுதான் மூக்கின் பக்கவாட்டு நிழல் எங்கே முடிகிறது என்பதைப் பிள்ளை முதன்முறையாகக் கவனிக்கும். பிறகு இன்னொரு விஷயத்தையும் சொல்லலாம். அந்தப் படத்தின் மூலப்படி ஒன்று வாஷிங்டனில் உள்ள தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே படம் காப்புரிமை வழக்காகி 2011இல் சமரசமானது. வழக்குக்கான ஆவணங்களை அழித்த குற்றத்துக்காக 2012இல் ஃபேரிக்கு இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 25,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். எடுத்தாள்வது எது, திருடுவது எது என்று விவாதிக்க இதைவிட நல்ல கதை கிடைக்காது.

பிரிட்டனில் 1978இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்காக சாச்சி நிறுவனம் செய்த சுவரொட்டியில், வேலையில்லாதோர் வரிசை வளைந்து வளைந்து நீளும். எதிர்பார்த்த கூட்டம் வராததால், வந்திருந்த சுமார் இருபது பேரையே மாற்றி மாற்றி நிற்கவைத்துப் படமெடுத்து ஒட்டிச் சேர்த்தார்கள். வரிசையில் நின்றவர்கள் கட்சியின் இளைஞரணியினர். படத்தொகுப்பு என்றால் என்ன, படம் எப்படிப் பொய் சொல்லும் என்ற இரண்டு பாடமும் ஒரே தாளில் இருக்கின்றன.

இனி நம் ஊர். இங்கே சரக்கு ஏராளம். எடுத்துச் சொல்ல ஆள்தான் குறைவு. 1967 ஜனவரியில் எம்.ஆர். ராதா சுட்டதில் கழுத்தில் குண்டடிபட்டு எம்.ஜி.ஆர். மருத்துவமனையில் இருந்தார். பரங்கிமலையில் அவர் வேட்பாளர். நேரில் போக முடியாத தொகுதிக்குக் கழுத்துக் கட்டோடு எடுத்த அவருடைய படம் போனது, அவர் வென்றார். கறுப்பு வெள்ளை அச்சில் கண்ணை முதலில் இழுப்பது அந்த வெள்ளைக் கட்டுதான். ஓவியத்தில் குவிமையம் என்பதை விளக்க வேறு உதாரணம் தேவையா?

சின்னங்களுக்கு வருவோம். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்களே மிகுதி என்பதால் 1951–52 முதல் பொதுத்தேர்தலிலேயே சின்னங்கள் வந்துவிட்டன. வாக்குச்சீட்டில் சிறு கட்டத்துக்குள், வண்ணமில்லாமல், பார்த்த மாத்திரத்தில் புரிய வேண்டும். காங்கிரஸ் சின்னங்களை வரிசையாக வரையச் சொல்லிப் பாருங்கள்: நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, பிறகு இந்திரா காங்கிரசின் பசுவும் கன்றும், கடைசியில் கை. கோடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. அரூபம் என்று நாம் மிரட்டும் சங்கதியின் முதல் படி இதுதான்.

சுவர் எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதலில் சுண்ணாம்பு அடிப்பார்கள். காய்ந்ததும் வண்ணப்பொடி தோய்த்த நூலை இருபுறமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிட்டால், மேலும் கீழும் நேர்கோடு விழும். அதற்குள் வேட்பாளர் பெயர் அடங்க வேண்டும். ‘ர’ ஒடுங்கி நிற்கும், ‘ண’ இடத்தை அடைக்கும், கொம்பும் காலும் தனி இடம் கேட்கும். இத்தனையையும் கண்ணாலேயே கணக்குப் போட்டு, பட்டை பிரஷ்ஷால் எழுதி, ஒரே பக்கமாக நிழல் கொடுத்துச் சுவரைவிட்டு எழுத்தை எழுந்து நிற்கச் செய்வார் ஓவியர். வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அந்த நிழல் சொல்லும். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1960களில் எழுத்தையும் குறியையும் ஓவியமாக்கியதைப் பெருமையாகப் பேசுகிறோம். வெளியே தெருச்சுவரில் எழுதியவரைக் கலைஞர் என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை.

எழுத்தை வைத்துக் காலமும் கணிக்கலாம். ‘லை’, ‘னை’ ஆகியவை துதிக்கை போல் வளைந்த பழைய வடிவில் இருந்தால், அந்தச் சுவரொட்டி பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது.

ஃபிளெக்ஸ் வந்தபின் கை வேலை போய்விட்டது; தரமும் இறங்கியது என்பதே என் எண்ணம். ஆனால் அதிலும் ஒரு பாடம் உண்டு. தலைவர் முகம் ஆளுயரம், மாவட்டம் அதில் பாதி, வட்டச் செயலாளர் கீழே பாஸ்போர்ட் அளவு. தஞ்சாவூர் ஓவியத்தில் கண்ணன் பெரிதாகவும் சுற்றி நிற்பவர்கள் சிறிதாகவும் இருப்பது இதே இலக்கணம். தொலைவுக்கு ஏற்ப அல்லாமல் தகுதிக்கு ஏற்ப உருவம் பெருக்கும் பழைய முறை அது. இந்தச் சுவர்களையும் பேனர்களையும் பிரெமிண்டா ஜேக்கப், ரூஸ் கெர்ரிட்சன் போன்றோர் ஆங்கிலத்தில் புத்தகமாகவே எழுதிவிட்டார்கள். நம் பள்ளி ஓவியப் பாடத்துக்கு இன்னும் தென்னையும் குடிசையும் போதுமாக இருக்கிறது.

ஆசிரியர்களின் பயம் நியாயமானதே. ஒரு கட்சியின் படத்தைக் கரும்பலகையில் மாட்டினால் மறுநாள் பெற்றோர் வந்து நிற்பார்கள். வழியும் இருக்கிறது. இன்று களத்தில் இல்லாத கட்சிகளிலிருந்து தொடங்கலாம். சுதந்திராக் கட்சியின் நட்சத்திரத்துக்காக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இன்றைய கட்சிகள் என்றால் எதிரெதிர்ச் சுவரொட்டிகளை ஒரே நாளில், ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். பிள்ளைகள் செய்யும் சுவரொட்டியில் கட்சியே வேண்டாம், பள்ளிக் குடிநீர்த் தொட்டி போதும். அதிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அடியில் இருக்கட்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு தேர்தல் சுவரொட்டிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

அடுத்த தேர்தல் முடிந்து சுவர்களுக்கு மறுபடி வெள்ளையடிப்பதற்குள், ஓவிய ஆசிரியர்கள் தங்கள் ஊரில் எல்லாக் கட்சிகளின் சுவர்களையும் படமெடுத்து, ஒட்டாமல் மிஞ்சிய சுவரொட்டிகளில் கட்சிக்கு இரண்டைக் கேட்டு வாங்கிப் பள்ளி நூலகத்தில் வைக்க வேண்டும். கேட்டால் யாரும் இல்லையென்று சொல்லப்போவதில்லை.