இராம. நாராயணன் படங்களில் நீதி வழங்குவோர்

தெருக்கூத்தையும் கதைப்பாடலையும் ஆராயும் நம் தமிழ்த்துறைகள், அவற்றைக் கண்டும் கேட்டும் மகிழ்ந்த மக்களையே பின்னர் ஈர்த்துக்கொண்ட குறைந்த செலவுத் திரைப்படத்தைப் பெரிதும் பொருட்படுத்தியதில்லை. காரைக்குடியிற் பிறந்த இராம. நாராயணன் (1949–2014) தமிழிலும் பிற மொழிகளிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட படங்களை இயக்கியவர். எண்ணிக்கையைச் சொல்லி வியத்தலும், மலிவென்று சொல்லி விலக்குதலும் ஆராய்ச்சியாகா. துன்புற்றோர்க்கு அவர் படங்களில் நீதி வழங்குவோர் யாவர் என்னும் ஒரு வினாவே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

எம். ஏ. காஜாவுடன் இணைந்து 'ராம்–ரஹீம்' என்னும் இரட்டைப் பெயரில் எழுதியவர், 1981-இல் 'சுமை'யின் வாயிலாக இயக்குநரானார். அவ்வாண்டே ஏவி.எம். நிறுவனத்திற்காக இயக்கிய 'சிவப்பு மல்லி', 'எர்ர மல்லெலு' என்னும் தெலுங்குப் படத்தின் தழுவல். அதில் உழைப்போர் ஒன்று திரண்டு தம்மை அடக்குவோரை எதிர்க்கின்றனர். நீதி மக்கள் கையில் உள்ளது. 'நாம் இருவர்' (1947) படத்தைக் காரைக்குடியிலேயே எடுத்த மெய்யப்பர் தோற்றுவித்த நிறுவனம், அதே ஊரினரிடம் இச்செங்கொடிக் கதையை ஒப்படைத்தது சுவையான செய்தி. 1988-இல் வெளிவந்த 'மக்கள் ஆணையிட்டால்' படத்தின் பெயரே இக்கொள்கையைப் பறைசாற்றும்.

1989-இல் அவர் தி.மு.க. சார்பிற் காரைக்குடிச் சட்டமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டு வந்த படமோ 'ஆடி வெள்ளி'! பகுத்தறிவு இயக்கத்தார் அம்மன் படம் எடுத்ததை முரண் என்று கூறி அமைதலாம். ஆயின் அதனால் விளங்குவது சிறிதே. கதையின் கட்டுக்கோப்பு மாறவில்லை என்பதே நோக்கத்தக்கது. கொடியோன், அவனால் நலிவோர், இறுதியில் அவன் வீழ்ச்சி ஆகிய மூன்றும் அப்படியே நிற்க, வீழ்த்தும் கை மட்டும் மாறிற்று. 'பாளையத்து அம்மன்', 'ராஜகாளி அம்மன்' (2000) வரையிலும் இதே நிலைதான்.

இம்மாற்றத்திற்குப் பொருளியற் காரணம் ஒன்றுண்டு. சின்னப்பா தேவர் 'நல்ல நேர'த்தில் (1972) யானைகளைப் பயன்படுத்தியபோதும் அருகில் எம்.ஜி.ஆர். இருந்தார். இராம. நாராயணன் படங்களிலோ பாம்பும் குரங்கும் நாயுமே நாயகர் இடத்தைப் பெற்றன. பெருநடிகர்க்குரிய ஊதியம் மிச்சமாயிற்று. அம்மனுக்கோ அறிமுகக் காட்சியும் வேண்டியதில்லை. வேப்பிலையும் உடுக்கை ஒலியும் தோன்றிய அளவில், காண்போர் தாமே அவளைப் படைத்துக்கொள்வர். கதைப்பாடற் புலவன் வழிவழி வந்த தொடர்களைக் கொண்டு விரைந்து பாடியதற்கும் இதற்கும் உறவுண்டு.

இவற்றைக் கண்ணகி மரபின் தொடர்ச்சி என்பாரும் உளராகலாம். அது பொருந்தாது. கண்ணகி தானே அரசவை புகுந்து, வழக்குரைத்து, சிலம்பை உடைத்துச் சான்று காட்டியவள். தெய்வநிலை அதன்பின் எய்தியது. நாட்டார் தெய்வங்களிற் பலவும் கொலையுண்ட மாந்தரின் வரலாறு உடையவை. இப்படங்களிலோ பெண் பெரும்பாலும் சந்நிதியில் அழுது நிற்கின்றாள். வழக்கும் இல்லை, சான்றும் இல்லை, தெய்வத்திற்கு ஒரு முன்கதையும் இல்லை. சிக்கனத்தைக் குறையென்பது என் கருத்தன்று. துன்புற்றவளின் வாயிலிருந்து வழக்குரையைப் பறித்ததே குறை.

'துர்கா' (1990) ஓரளவு விலக்கு. சொத்துக்காகக் கொல்லக் கருதுவோரிடமிருந்து சிறுமியை விலங்குகள் காக்கும் அக்கதை, பாட்டிமார் சொல்லும் கதைகளுக்கு மிக அணித்தாக நிற்கின்றது. அங்கே உதவி வானிலிருந்து இறங்குவதன்று. வீட்டு முற்றத்திலிருந்தே வருகின்றது. அவர் படங்களில் முதலில் ஆராயத்தக்கது அதுவே என்பேன்.