வரப்போரப் பலகை

செங்கல்பட்டுப் பக்கத்து வயல்களில், வரப்போரம் நிற்கும் எரிவாயுக் குழாய் எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் நின்று படித்துவிடுவேன். தோண்டாதீர் என்ற எச்சரிக்கை, ஓர் அவசரத் தொலைபேசி எண், அவ்வளவுதான். அடியில் போவது எண்ணூரில் தொடங்கும் இந்தியன் ஆயிலின் பெருங்குழாய். பெங்களூரு, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி என விரியும் திட்டத்தின் நீளம் 1,400 கி.மீ.க்கும் மேல். 2019-இல் திறக்கப்பட்ட எண்ணூர் முனையத்துக்கு, மைனஸ் 160 டிகிரி குளிரில் திரவமாகக் கப்பலில் வரும் எரிவாயுவைச் சூடேற்றி, மீண்டும் வாயுவாக்கி அனுப்புகிறார்கள்.

எனக்குப் பிடித்தது இத்தனை பெரிய வேலையின் அடக்கம். 1962-ஆம் ஆண்டுக் குழாய்ப்பாதைச் சட்டப்படி நிலம் உழவருக்கே சொந்தம். குழாய்க்குப் பயன்பாட்டு உரிமை மட்டுமே. குழாய் போகும் நிலப்பட்டையில் மரம் வைக்கவோ வீடு கட்டவோ முடியாது, அந்த இழப்பு சிறிதல்ல. ஆனால் நெல் நடலாம். குழாய்மேல் நாற்று பச்சைப்பசேலென்று நிற்கிறது.