புத்தகக் கணக்கும் படிப்பும்

இவ்வாண்டில் இத்தனை நூல்கள் படித்தே தீருவேன் என்று சங்கற்பஞ் செய்துகொள்ளும் வழக்கம் நம் இளைஞரிடையே பரவி வருகின்றது. மலேசிய அரசாங்கமும் 2021 முதல் 2030 வரையுள்ள காலத்தைத் தேசிய வாசிப்புப் பத்தாண்டாக வகுத்திருக்கிறது. சோம்பலை ஒழிக்கும் முயற்சி எதுவாயினும் வரவேற்கத்தக்கதே. ஆனால், அந்நாளில் பெரட்டில் ஆள் எண்ணியதுபோல் நூல்களை எண்ணுவது படிப்பாகுமா என்பதே நமது கேள்வி.

கணக்கின் கோணலைப் பாருங்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமாதலால் ஐந்தாக எண்ணப்படும். 1330 குறளும் சேர்ந்து ஒன்றேயாம்! நாளொரு குறளென ஊன்றிப் படிப்பவனுக்கு அது மூன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட வேலை. அவன் தோற்றவனாம், டிசம்பரில் எண்ணிக்கை குறையக்கண்டு மெல்லிய நூல்களைத் தேடி ஓடுகின்றவன் வென்றவனாம்.

அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ (2005), ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழரின் கதை. மந்தின், சிரம்பான் பக்கத்துக் குடும்பங்களுக்கு அஃது அயலார் கதையன்று. அதனை இரண்டே இரவில் முடித்துக் கணக்கில் ஏற்றிவிட்டு அடுத்ததைத் தூக்குகின்றவன் என்ன படித்தான்? வீட்டு முதியோரிடம் அக்காலத்தைப்பற்றி ஒரு கேள்வி கேட்கவும் அவனுக்கு அவகாசமில்லையே!

லயங்களில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, எழுத்தறியாத பத்துப்பேர் கேட்டு, இடைமறித்து, வாதாடிய காலமுண்டு. அவர்கள் எந்தக் கணக்கிலும் சேராத வாசகர்கள்.

இலக்கு வேண்டுமென்பார் வைத்துக்கொள்ளட்டும். ஆண்டுக்கு நான்கு நூல் போதும். ஆனால் கூடிப் படிக்கட்டும். மந்தினில் ஞாயிறுதோறும் பத்துப்பேர் கூடினால், ‘நினைவுச் சின்ன’த்தையே முதலாவதாக எடுத்துக்கொள்ளலாம்.